ஐயா சுமந்து வந்த குடம்

மழை பொய்த்த எங்கள் பக்கத்து ஊரில் சவேரியம்மா என்று ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். ஆண்டவர் அவளுக்கு வாயோடு புத்தியையும் சேர்த்தே கொடுத்திருந்தார்.

ஏழை ஊர்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடக் கடல் தாண்டிய தேசத்து ஜனங்கள் பணம் அனுப்பியிருந்தார்கள். எந்த ஊருக்கு என்று முடிவு செய்ய ஒரு பெரிய அதிகாரி வந்தார். கூடவே அந்தத் தேசத்து அம்மா ஒருவரும் வந்தார்.

"ஊருணி பக்கத்துலதானே இருக்கு? நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள, குழாய் எதுக்குன்னு எனக்குப் புரிய வை. இல்லன்னா அது அடுத்த ஊருக்குப் போயிடும்" என்று பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்து சவேரியம்மாவிடம் சொன்னார் அதிகாரி.

"சரிங்கய்யா. ஆனா டீ போடத் தண்ணி இல்லையே. ஊருணி பக்கத்துலதானே, ஐயாவே ஒரு குடம் மொண்டுட்டு வந்துருங்க" என்று சவேரியம்மா குடத்தை நீட்டினாள்.

கார் டிரைவர் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும், அந்த அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு குடத்தை இடுப்பில் வைத்துக் கிளம்பிவிட்டார். அதிகாரி என்ன செய்வார், பாவம்! பின்னாலேயே போனார்.

வெகுநேரம் கழித்து உச்சி வெயிலில் திரும்பி வந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குடத்தில் பாதித் தண்ணீர்தான் மிச்சம்.

"குழாய் இந்த ஊருக்குத்தாம்மா" என்றார், மூச்சு வாங்க.

"இன்னும் டீயே போடலையே ஐயா, அதுக்குள்ளவா புரிஞ்சுபோச்சு?" என்றாள் சவேரியம்மா.