சபாஷுக்கு ஓர் அத்திப்பழம்

மலையடிக் காட்டில், குளத்தங்கரை அத்திமரத்தில், செவ்வாலி என்றொரு மலை அணில் இருந்தது. அதற்கு வாலும் நீளம், பெருமையும் நீளம். இரண்டையும் அது கீழே விட்டதே இல்லை.

பெருமைப்படக் காரணம் இல்லாமல் இல்லை. போன கோடையில் குளம் வற்றியபோது, காட்டு மிருகங்கள் எல்லாம் கணவாயைத் தாண்டி ஆற்றுக்கு நடந்தன. பாதி வழியிலேயே பலருக்கு மூச்சு வாங்கியது. மூன்று பேர் போய்ச் சேரவே இல்லை. அதைப் பார்த்த செவ்வாலி ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தது. கடைசியில் ஒரு வேலை செய்தது. மைனாக்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்து, ஆளுக்கு ஒன்றாக முதுகில் ஏற்றிவிட்டது.

"எழுந்திரு, நட." "தண்ணி குடி." "தின்னது போதும்." இப்படிப் பன்னிரண்டு வாக்கியங்கள். நாள் முழுக்க மைனா சொல்லிக்கொண்டே இருக்கும். சொன்னதைச் செய்துவிட்டு மிருகம் "ஆச்சு" என்றால், மைனா "சபாஷ்!" என்று கூவும். சாயங்காலம் அத்திமரத்துக்கு வந்து எத்தனை சபாஷ் என்று சொன்னால், ஒவ்வொன்றுக்கும் மைனாவுக்கு ஓர் அத்திப்பழம். செவ்வாலி அப்படித்தான் மைனாக்களைப் பழக்கியிருந்தது. பழக்கும்போது கிளையை விட்டு இறங்காமல், தானே கரடி மாதிரியும் மான் மாதிரியும் "ஆச்சு, ஆச்சு" என்று குரல் கொடுத்து, சபாஷ் சொன்ன மைனாவுக்குப் பழத்தை நீட்டும்.

"ஏழு மலையிலும் தேடிப் பார்! இப்படி ஒரு மைனா கிடைக்காது" என்று போகிற வருகிற பறவைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

மொத்தையன் என்ற கரடிக்கு நடப்பதென்றால் வேப்பங்காய். இரண்டாம் நாளே அது சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டது. பலாமரத்தடியில் படுத்தபடி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஆச்சு" என்றது. மைனா "சபாஷ்!" என்றது. கரடிக்குத் தூக்கம் கெடவில்லை, மைனாவுக்குப் பழம் குறையவில்லை.

நெட்டைக்காலி என்ற பெண் கடமான் அந்த ரகம் அல்ல. ரொம்ப ரோஷக்காரி. அதற்குப் பால்குடி மறக்காத ஒரு குட்டி இருந்தது. இந்தக் கோடையில் குட்டியோடு கணவாய் ஏற வேண்டும். அதனால் அதன் மைனா கிண்கிணி "நட" என்றால் நடந்தது, "இன்னொரு சுற்று" என்றால் இன்னொரு சுற்றும் நடந்தது. காட்டிலேயே அதிக சபாஷ் வாங்கியது நெட்டைக்காலிதான்.

ஒரு நாள் அதன் முன்னங்கால் குளம்பின் இடுக்கில் ஒரு முள் ஏறிவிட்டது. அப்போதே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கிண்கிணி "எழுந்திரு, நட" என்றது. இத்தனை நாள் வாங்கிய பேரை இன்றைக்கு விடுவதா என்று நெட்டைக்காலி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது. "ஆச்சு" என்றது. "சபாஷ்!" என்றது கிண்கிணி. நான்கு நாள் இதே கதை. ஐந்தாம் நாள் காலையில் கால் வீங்கி, மானால் எழுந்திருக்கவே முடியவில்லை.

குளத்தில் இன்னும் பத்து நாளுக்குத்தான் தண்ணீர் இருந்தது.

செய்தி அத்திமரத்துக்கு வந்தது. செவ்வாலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் மைனா மேல என்ன குத்தம்? கால் வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். வாய் இருக்குல்ல!"

இப்படிப் பொரிந்து தள்ளினாலும், அதற்கு மனசு கேட்கவில்லை. மைனாக்களைப் பழக்க ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக மரத்தைவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தது.

மான் ஒருக்களித்துக் கிடந்தது. குட்டி அதன் வயிற்றருகே ஒட்டிக்கொண்டு நின்றது.

"ரெண்டு நாள்ல நடந்துடுவேன் அக்கா. நேத்து வரைக்கும் ஒரு சபாஷ்கூட நான் விடல" என்றது நெட்டைக்காலி.

செவ்வாலி பக்கத்துக் கிளையில் இருந்த கிண்கிணியைப் பார்த்தது.

"இவளுக்குக் கால் சரியில்லன்னு உனக்குத் தெரியவே இல்லையா?"

"தெரியாம என்னக்கா? இவ முதுகுலதானே உட்கார்ந்திருக்கேன். முதல் நாளே ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நடந்தா. என் காலுக்கே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

கிண்கிணி தலையைச் சாய்த்து, கள்ளம் கபடம் இல்லாமல் கேட்டது: "அதைச் சொன்னா பழம் உண்டா அக்கா?"

பழத்தை நீட்டியது யார்? செவ்வாலியேதான். எதற்கு நீட்டியது? சபாஷுக்கு. கிளையில் உட்கார்ந்து மானாகவும் கரடியாகவும் நடித்தபோது, அது ஒரு தடவைகூட நொண்டிக் காட்டியதில்லை. அன்றைக்குத்தான் அதன் வால் முதல் முறையாகத் தரையில் கிடந்தது.

ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உட்காரும் ஜாதியல்ல செவ்வாலி. குளம்பில் வாயை வைத்து, பல்லால் கவ்வி முள்ளைப் பிடுங்கியது. பிறகு எல்லா மைனாக்களையும் கூப்பிட்டது.

"இனிமே சபாஷுக்குப் பழம் கிடையாது. உங்க ஆள் மறுநாள் காலையில சுகமா எழுந்திருச்சா பழம். நடக்கச் சொல்லணுமா, படுக்கச் சொல்லணுமா, அதை முதுகுல இருக்கிற நீங்கதான் பார்த்துக்கணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. மைனாக்களோடு தானும் ஒவ்வொரு முதுகாக ஏறி உட்கார்ந்து பழகியது. மூச்சு வாங்கினால் விலா எப்படி ஏறி இறங்கும், வலித்தால் காது எப்படி மடங்கும் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தது. காட்டெருமை மேலிருந்து இரண்டு தடவை விழுந்ததும் உண்டு. அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. மைனாக்கள் காடு முழுக்கச் சொல்லிவிட்டன.

மறுநாள் கரடி வழக்கம்போல் ஒரு கண்ணைத் திறந்து, "ஆச்சு" என்றது.

"முதுகு அசையவே இல்லையே அண்ணே" என்றது அதன் மைனா.

"நேத்து வரைக்கும் சபாஷ் சொன்னியே!"

"நேத்து பழக் கணக்கு வேற அண்ணே. எழுந்திரு."

மொத்தையன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து நடந்தது. அங்கே கிண்கிணியோ நெட்டைக்காலியின் காதருகே உட்கார்ந்து, "படு. இன்னைக்கும் படு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பேர் போகிறதே என்று மானுக்கு அழுகையே வந்தது. கிண்கிணி விடவில்லை. எழுந்திருக்கத் தலையைத் தூக்கினாலே அதட்டியது.

பத்தாம் நாள் குளம் சேறாகிவிட்டது. எல்லாரும் கிளம்பினார்கள். கணவாய் ஏற்றத்தில் கிண்கிணியின் குரல் அதிகம் கேட்கவே இல்லை. மானின் நடை கொஞ்சம் சாய்ந்தால் மட்டும், "நில்லு. இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டது. மான் நின்றது. வலித்தபோது, "வலிக்குது" என்று உள்ளதைச் சொன்னது. வலி அடங்கியதும் நடந்தது. பின்னால் மொத்தையன் இரைந்து இரைந்து ஏறியது. ஆனாலும் ஏறிவிட்டது.

சூரியன் சாயும் முன்னே எல்லாரும் ஆற்றைத் தொட்டார்கள். இந்தத் தடவை ஒருவர்கூடக் குறையவில்லை.

ஆற்றங்கரை மயில் ஒன்று இந்த ஊர்வலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. "பேசுற மைனான்னு சொன்னாங்களே, அதுவா இது? எத்தனை வாக்கியம் பேசும்?" என்று கேட்டது.

முன்பு என்றால் செவ்வாலி பன்னிரண்டையும் ஒப்பித்திருக்கும். இப்போது அது ஆற்றைக் காட்டியது. முழங்கால் தண்ணீரில் நெட்டைக்காலி நான்கு காலையும் ஊன்றி நின்று குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குட்டி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கிண்கிணி மானின் முதுகில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"அந்த மானைப் பார்" என்றது செவ்வாலி. அதன் வால் மறுபடியும் மேலே போனது. அன்றைக்கு அதற்கு முழு உரிமையும் இருந்தது.

ஒருவர் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு துணையை உருவாக்குகிறவர், அது சொல்லும் சபாஷுக்குப் பழம் கொடுக்கக் கூடாது, அந்த ஒருவரின் சுகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.