இறகு சரி

ஆவாரங்காட்டு ஏரியில் கொக்கும் நாரையும் நிம்மதியாகக் குஞ்சு பொரித்தன. காரணம், கரிச்சான் குருவிகளின் வான்படை. வல்லூறு தலைகாட்டினால் போதும், கூவி எச்சரித்து, கூட்டமாகப் பாய்ந்து விரட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். படைத் தளபதியின் பெயர் சூரப்புலி. பெயரில்தான் புலி, அதுவும் கரிச்சான்தான்.

ஒருநாள் ரோந்தில், மையன் என்ற கரிச்சானின் கண்ணெதிரே அதன் ஜோடிக் காவலன் நீலனை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மையன் திரும்பி வந்து கிளையில் உட்கார்ந்தது. அடுத்த ரோந்துக்குக் கூப்பிட்டும் எழவில்லை.

படை வைத்தியர் மரங்கொத்தி வந்தார். இறக்கையை விரித்துப் பார்த்தார், வாலைத் தட்டிப் பார்த்தார். "இறகு சரி!" என்றார். அந்தச் சொல் விழுந்துவிட்டால் மறுபேச்சு கிடையாது, பறந்தே ஆக வேண்டும்.

கண்ணை மூடினால் நீலனின் அலறல்தான் கேட்கிறது, யாரிடமாவது பேசினால் தேவலை என்று மையன் தளபதியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னது.

சூரப்புலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பேசுவதற்குக் கிளிகள் இருக்கின்றன. நாம் படை. மழைக்காலம் முடியட்டும், ஆறுதல் விழா வைத்து உனக்கு மாலை போடுகிறேன்," என்றது. அதோடு விட்டதா? மறுநாளே தன் பக்கக் காவலுக்கு மையனைக் கூட்டிக்கொண்டு போனது. அவ்வளவு பெரிய மனசு!

நடு ஏரியில் மேலே ஒரு நிழல் அசைந்தது. வல்லூறுதான். மையன் முதலில் பார்த்துவிட்டது. கூவ வாயைத் திறந்தது, நீலனின் அலறல்தான் காதில் கேட்டது, கூவல் வரவில்லை. வல்லூறு நேராகத் தளபதி மேல் பாய்ந்தது. சூரப்புலி கருவேலம் புதருக்குள் தலைகுப்புற விழுந்து உயிர் தப்பியது.

அடுத்த நாள் ரோந்துக்கு நேரமாகியும் தளபதி கிளையை விட்டு அசையவில்லை. வைத்தியர் வந்தார், விரித்தார், தட்டினார். "இறகு சரி!"

"தெரியும் ஐயா. கால்தான் கிளையை விடமாட்டேன் என்கிறது," என்று முனகியது சூரப்புலி.

படை வேறு பக்கம் பார்த்தது. மையன் மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அது மாலை எதுவும் கொண்டு போகவில்லை.

"நேற்று என்ன ஆயிற்று, சொல்லுங்கள் தளபதி. நான் கேட்கிறேன்."

சூரப்புலி உச்சிவெயில் வரைக்கும் பேசியது. பிறகு தானாகவே, "நீலனைப் பற்றிச் சொல்," என்றது. மையன் அழுதுகொண்டே சொன்னது. அன்றே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் மையனின் கூவல் மறுபடி அக்கரை வரை கேட்டது.

உடம்பில் கீறல் இல்லை என்று விட்டுவிடாமல், அடிபட்டவனின் மனசை அன்றைக்கே உட்கார்ந்து கேட்க வேண்டும்.