வெறுங்கையோடு வந்த சாணி வண்டு

மலையடிவாரக் காட்டில், குளத்தங்கரை மருத மரத்தின் கீழே, ஒரு மட்டக்குதிரை வயிற்று வலியோடு படுத்துக் கிடந்தது.

அதன் பெயர் சுண்டை. கரடி எழுந்து நின்றால் சுண்டை அதன் இடுப்பு உயரம்கூட வராது. ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளைக் குதிரைமேல் ஏற்றிச் சுற்றிவரும் ஒரு கூட்டம், இனி இது உதவாது என்று காட்டோரத்தில் அவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. அதற்கு ஒரு மாதம் ஆகிறது. புது இடம், புது முகங்கள். யார் என்ன சொன்னாலும் சுண்டை தலையாட்டும். யார் எதைக் கொடுத்தாலும் தின்னும். இங்கிருந்தும் போகச் சொல்லிவிடுவார்களோ என்று அதற்கு உள்ளூர ஒரு பயம்.

அன்று காலையிலிருந்தே அதற்கு நிலைகொள்ளவில்லை. முன்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடியும் படுத்தது. முதலில் பார்த்தது முயல்தான்.

"ஐயையோ! சுண்டைக்கு உடம்பு சரியில்ல!" என்று கத்திக்கொண்டே ஓடியது முயல். வெயில் ஏறுவதற்குள் செய்தி காடு முழுக்கப் பரவிவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது. கொண்டுபோனதை நோயாளி அவர் கண்ணெதிரே ஒரு வாயாவது தின்ன வேண்டும். தின்னாவிட்டால் கொண்டுவந்தவருக்கு மனத்தாங்கல். அந்த மனத்தாங்கல் லேசில் தீராது.

முயல் ஒரு கட்டு அறுகம்புல்லோடு திரும்பி வந்தது.

"நுனியா பாத்துக் கிள்ளிட்டு வந்தேன். ஒரே ஒரு வாய்!"

சுண்டைக்குப் புல்லைப் பார்த்ததுமே குமட்டியது. ஆனால் முயல் காதை உயர்த்திக்கொண்டு ஆசையோடு நின்றது. சுண்டை மென்று விழுங்கியது.

அடுத்து குரங்கு வந்தது. இரண்டு கையிலும் பலாச்சுளைகள்.

"மலை உச்சி மரத்துல ஏறிப் பறிச்சது! முயல் கொடுத்ததைத் தின்னியாமே? அப்ப என்னோடதையும் தின்னணும்!"

சுண்டை அதையும் தின்றது.

பிறகு கரடி வந்தது. காட்டிலேயே பெரிய உடம்பு அதற்கு, மனசும் அப்படித்தான். சுண்டையைப் பார்த்ததும் அதன் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. இலுப்பைப் பூவைத் தேனில் பிசைந்து, உருண்டைகளாக உருட்டி, தேக்கு இலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தது.

"என் கண்ணு! இப்படி வாடிப் போயிட்டியே! வாயத் திற, அண்ணன் ஊட்டுறேன்."

"அண்ணே... போதும்ணே..." என்றது சுண்டை மெதுவாக.

"என்ன போதும்? உடம்புல தெம்பு வேணாமா? இது நம்ம முயலுக்காக, இது நம்ம குரங்குக்காக, இது இந்த அண்ணனுக்காக!"

மூன்று உருண்டையும் உள்ளே போனது.

வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவர் மனசிலும் கள்ளம் கிடையாது. தொல்லையே அங்கேதான் இருந்தது. ஆகாதவர் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அழுதுகொண்டே ஒரு கரடி ஊட்டும்போது சுண்டை என்ன செய்யும்? குதிரைக்கு வாந்தியும் வராது. உள்ளே போனது கடைசிவரை போய்த்தான் வெளியேற வேண்டும்.

உச்சி வெயில் வந்தபோது சுண்டையின் வயிறு பானைபோல் உப்பிவிட்டது. காதுகள் சில்லிட்டன. உடம்பெல்லாம் வியர்த்தது. அது வலி தாங்காமல் முனகியது.

"கண்ணு பட்டிருக்கும்! அழகான பிடரி இல்லையா?" என்றது முயல்.

"அதெல்லாம் இல்ல. பழைய கூட்டத்த நெனச்சு ஏக்கம்!" என்றது குரங்கு.

"ரெண்டும் இல்ல. பலவீனம்! இன்னும் ஒரு உருண்டை உள்ள போனா சரியாயிடும்!" என்ற கரடி மறுபடியும் இலையில் கை வைத்தது.

அப்போது தரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் வழி விடுங்க! மிதிச்சுடாதீங்க!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு சாணி வண்டு, புல்லை விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தது. காட்டில் யாரும் அதோடு அதிகம் பேசுவதில்லை. அது செய்யும் வேலை அப்படி. நாள் முழுக்கச் சாணத்தை உருட்டி, வளைக்குள் கொண்டுபோய் வைத்து, அதிலேதான் முட்டையிடும்.

கரடி அதன் ஆறு கால்களையும் உற்றுப் பார்த்தது. ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

"நோயாளியப் பாக்க வெறுங்கையோட வந்தியா? உனக்கு வெவஸ்தையே இல்லையா?"

"நான் கொடுக்க வரல, கேக்க வந்தேன்!" என்றது வண்டு. சுண்டையின் முகத்துக்கு நேரே போய் நின்றது. "தம்பி, நேத்து விடிஞ்சதுலேர்ந்து நீ போட்ட லத்தி எங்க? குளத்தங்கரை பூராவும் சுத்திட்டேன். ஒண்ணுகூடக் கண்ணுல படல!"

முயல் காதால் முகத்தை மூடிக்கொண்டது. குரங்கு "சீச்சீ!" என்றது.

"உடம்பு சரியில்லாதவன்கிட்டப் பேசுற பேச்சா இது?" என்று உறுமியது கரடி. "அவன் உசுருக்குப் போராடுறான். உனக்கு உன் உருண்டைதான் பெருசா?"

வண்டு நகரவில்லை. "பதில் சொல்லு தம்பி. எப்பப் போட்ட?"

சுண்டை வெட்கத்தால் கண்ணை மூடிக்கொண்டது. பொலபொலவென்று கண்ணீர் விட்டது.

"முந்தாநாள் சாயங்காலம்..." என்றது. "அதுக்கப்புறம் வரவே இல்லக்கா. இத எப்படி வெளிய சொல்றது?"

கரடியின் கையிலிருந்த உருண்டை இலையிலேயே விழுந்தது.

"அப்ப உள்ள போனது எதுவும் வெளிய வரல," என்றது வண்டு. "என் வளையில நடுவழி அடைச்சுக்கிட்டா, நான் மேல மேல உருண்டையத் தள்ளிக்கிட்டா இருப்பேன்? நீங்க எல்லாரும் அதைத்தான் காலையிலேர்ந்து செஞ்சிட்டிருக்கீங்க!"

வண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அஞ்சாறு நாளாவே இவன் லத்தி காய்ஞ்சுதான் கெடந்துச்சு. உருட்டினா கூழாங்கல்ல உருட்டுற மாதிரி இருந்துச்சு. நான் அப்பவே வந்து கேட்டிருக்கணும். போன கோடையில ஒரு காட்டெருமைக் கன்னும் இப்படித்தான் ரெண்டு நாள் சாணி போடாம இருந்துச்சு. இந்தக் காட்டுலயே எனக்கு மட்டுந்தான் அது தெரியும். இதைப் போய் யாருகிட்டச் சொல்றது, சிரிப்பாங்களேன்னு பேசாம இருந்துட்டேன். மூணாம் நாள் அது எழுந்திரிக்கல. இப்ப நீங்க சிரிச்சாலும் சரி, மிதிச்சாலும் சரி, நான் கேட்டுத்தான் ஆவேன். தம்பி, நீ தண்ணி குடிக்கிறியா?"

"குடிக்கிறேன்... கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

சுண்டை தயங்கித் தயங்கிச் சொன்னது. "எல்லாரும் குடிச்ச அப்புறம் குடிக்கலாம்னு ஓரமா நிப்பேன். அதுக்குள்ள எருமைங்க எறங்கிடும். தண்ணி சேறாயிடும். நாக்க நனைச்சுக்கிட்டுத் திரும்பிடுவேன்."

"முன்னாலயே வந்து குடிக்க வேண்டியதுதான? யாரு தடுத்தா?" என்று கேட்டது கரடி.

"யாரும் தடுக்கலண்ணே. ஆனா வான்னும் யாரும் சொல்லல. நான் வந்தவன்தான?"

கரடிக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாகத் தினமும் குளத்தில் அதுதான் முதலில் குடிக்கும். ஓரத்தில் ஒரு குட்டைக் குதிரை நிற்பதையும் தினமும் பார்க்கும். ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது தேனும் பூவும் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது!

"நானே இவனக் கொன்னுருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டது கரடி.

"அண்ணே, அழுவுறத அப்புறம் வச்சுக்கலாம்," என்றது வண்டு. "இனிமே இவன் வாயில ஒரு புல்லுகூடப் படக் கூடாது. நல்ல தண்ணி வேணும். மெதுவா நடக்க வைக்கணும். உங்க நகத்துக்கு இப்பத்தான் வேலை!"

கரடி புரிந்துகொண்டது. பக்கத்து ஓடை வறண்டு மணலாகக் கிடந்தது. அதில் இறங்கிப் பறித்தது, பறித்தது, மார்பளவு பள்ளம் பறித்தது. அடியில் ஊற்று கசிந்தது. கலங்கல் தெளிந்ததும் குரங்கு தாமரை இலையில் தண்ணீரை ஏந்தி வந்தது.

சுண்டை நான்கு வாய் குடித்தது. அதற்கு மேல் முடியவில்லை. "இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த கரடி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டது.

பிறகு நடை தொடங்கியது. சுண்டைக்குக் குட்டைக் கால்கள். அதிலும் வலி. முயல் பழக்கத்தில் முன்னால் தாவித் தாவி ஓடும். திரும்பிப் பார்த்து, வெட்கப்பட்டு, மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும். நடக்கக் கற்றுக்கொள்வது முயலுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுவதும், நிற்பதும், நான்கு வாய் தண்ணீர் குடிப்பதுமாக நேரம் போனது.

நடுவில் மான் கூட்டம் ஒன்று வாய் நிறையத் தளிர்களோடு வந்தது. குரங்கு மரத்திலிருந்து குதித்து வழியை மறித்தது.

"கொண்டாந்ததக் கீழ போடுங்க! வெறுங்கையோட வர்றதா இருந்தா வாங்க!"

"இது என்ன கூத்து? வெறுங்கையோட எப்படி வர்றது?" என்றன மான்கள்.

"வந்து கூட நடங்க!"

மூன்றாம் சுற்றில் சுண்டையின் கால்கள் மடங்கின. அது மணலில் சாய்ந்தது. முயல் ஓடிப்போய்த் தன் நீளக் காதை அதன் வயிற்றில் வைத்துக் கேட்டது.

"உள்ள ஒரு சத்தமும் இல்லையே!" என்றது முயல்.

"விட்டுடுங்க," என்றது சுண்டை. "வந்ததுலேர்ந்து உங்களுக்கெல்லாம் என்னால தொந்தரவு."

வண்டு சுண்டையின் மூக்கின்மேல் ஏறியது.

"தொந்தரவுதான்! யாரு இல்லேன்னா? நாளைக்கு நான் உனக்குத் தொந்தரவு கொடுப்பேன். கூட இருக்கிறதுன்னா அப்படித்தான். கொஞ்சம் படுத்திரு. வலி விட்டதும் எழுந்திரு. அதுவரைக்கும் நாங்க ஒக்காந்திருக்கோம்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஊட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது கரடிக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கை பரபரத்தது. அந்தக் கையால் சுண்டையின் பிடரியைத் தடவிக்கொடுத்தது. சுண்டை கண்ணை மூடிக்கொண்டது. சிறிது நேரம் கழித்துத் தானாகவே எழுந்து, ஊற்றுக்குப் போய், இந்தத் தடவை பத்து வாய் குடித்தது.

ஐந்தாம் சுற்று. ஆறாம் சுற்று. முயல் மறுபடியும் காதை வைத்தது. அதன் கண்கள் விரிந்தன.

"கேக்குது! களக் களக்னு கேக்குது!"

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் சுண்டை நின்றது. வாலைத் தூக்கியது. முதலில் பெரிதாக ஒரு காற்று பிரிந்தது. அப்புறம் பொத் பொத்தென்று லத்தி விழுந்தது!

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கரடி இரண்டு கையையும் தட்டிக்கொண்டு ஆடியது. குரங்கு கிளைக்குக் கிளை தாவியது. மான்கள் துள்ளின. மத்தியானம் 'சீச்சீ' என்று முகம் சுளித்தவர்கள் இப்போது ஒரு லத்தியைச் சுற்றி நின்று திருவிழா கொண்டாடினார்கள். பிள்ளை பிறந்த வீட்டில்கூட அவ்வளவு ஆரவாரம் இருந்திருக்காது.

வண்டு மட்டும் ஆடவில்லை. கிட்டப் போய், காலால் தொட்டுப் பார்த்தது.

"முதல்ல வந்தது கல்லாத்தான் இருக்கு. கடைசியில வந்தது ஈரமா இருக்கு," என்றது. சொன்னதும் அழுதுவிட்டது. அந்தக் கன்றை நினைத்து அழுததா, சுண்டைக்காக அழுததா என்று அதற்கே தெரியவில்லை.

கரடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்த் தேக்கு இலையை எடுத்து வந்தது.

"கண்ணு! எல்லாம் சரியாயிடுச்சு! ஒரே ஒரு உருண்டை! அண்ணனுக்காக!"

சுண்டை கரடியைப் பார்த்தது. ஆசையோடு நீட்டிய அந்தப் பெரிய கையைப் பார்த்தது. வாய் தானாகவே திறக்கப் போனது. அது வாயை மூடிக்கொண்டு, ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னது:

"வேண்டாம்ணே."

அந்தக் காட்டில் எந்த நோயாளியும் அதுவரை சொல்லாத வார்த்தை. எல்லோரும் கரடியின் முகத்தையே பார்த்தார்கள். ஒரு நொடி அந்த முகம் வாடியது. பிறகு கரடி இலையைக் கீழே வைத்துவிட்டு, மணலில் சுண்டையின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"சரி," என்றது கரடி. "வேற என்னப்பா வேணும் உனக்கு?"

அந்தக் காட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் சுண்டையிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அதற்குச் சுண்டை கொஞ்ச நேரம் யோசித்துத்தான் பதில் சொன்னது.

"நாளைக்குக் காலையில தண்ணி குடிக்கப் போறப்ப, என்னையும் கூப்பிடுங்கண்ணே."

நாம் கொடுக்க ஆசைப்படுவதைக் கொடுப்பது உதவி ஆகாது. என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்வதும், வேண்டாம் என்றால் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்வதுமே உண்மையான உதவி.