அழிக்க முடியாத ஏழு நிமிடம்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டு முடித்ததும் தீர்ப்பு உங்களுடையது.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. பேச்சிக்கனி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் உடல் வெந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தாள். அவளுடைய கடைசி ஏழு நிமிடங்களை மங்கையர்க்கரசி படம் பிடித்தாள். மதுரைக்காரி, ஆவணப்படம் எடுப்பவள். பேச்சிக்கனியின் தாய் குருவம்மாள் அதற்குச் சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்.

“நான் பாத்துச் சரின்னு சொல்ற வரைக்கும் இது வேற யாரு கண்ணுலயும் படக்கூடாது தாயி.”

“படாதும்மா. சத்தியம்.”

அந்த ஏழு நிமிடமும் சேர்ந்த ஆவணப்படம் முடிந்தது. சென்னையில் ஒரு நிறுவனம் வெளியிட முன்வந்தது. முதலில் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. மங்கை அனுப்பினாள். நிறுவனத்தின் பதில் வந்ததும் சாத்தூருக்குப் போய்க் குருவம்மாளிடம் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் அந்த அலுவலகத்தில் யாரோ படத்தை டொரண்டில், இணையத்தில் ஆளுக்கு ஆள் கோப்பைப் பகிரும் வலையில், ஏற்றிவிட்டார்கள்.

குருவம்மாள் அதைப் பார்த்தது பேருந்து நிலையத்தில், முன்பின் தெரியாத ஒருவனின் கைபேசியில். அன்றே மதுரைக்கு வந்து மங்கையின் வாசலில் நின்று கத்தினாள்.

“எம் புள்ள தண்ணி தண்ணின்னு கெஞ்சுது. அதை ஒருத்தன் டீ குடிச்சுக்கிட்டே பாக்குறான்! அழி. இப்பவே அழி!”

மங்கை சென்னைக்கு ஓடினாள். அதை அழிக்க வழியே இல்லை என்றார் நிறுவனத்தின் வக்கீல். படம் ஓரிடத்தில் இல்லை. பதிவிறக்குகிறவன் ஒவ்வொருவனும் அதை அடுத்தவனுக்குத் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். ஒரு கணினியை மூடினால் இன்னும் எண்ணூறு கணினி திறந்திருக்கும்.

“உங்க ஆபீஸ்ல ஏத்தினது யாருங்க சார்?”

“அதைக் கண்டுபிடிக்க முடியலைம்மா. ஆனா ஒருத்தன் சிக்கியிருக்கான். நாற்பது நாளா நிறுத்தாம பகிர்றான். படத்தோட உரிமை உங்க பேர்ல இருக்கு. நீங்க புகார்ல கையெழுத்துப் போட்டா உள்ள தள்ளிடலாம்.”

சிக்கியவன் ஜெபசிங். திருத்தங்கல்லில் வேறொரு பட்டாசு ஆலைத் தொழிலாளி. மங்கை அவனைத் தேடிப் போனாள்.

“அக்கா, நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாத அறையில எங்களைப் பதினோரு பேரா உக்கார வச்சாங்க. இந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் அறுபது பேரும் வேலையப் போட்டுட்டு வெளிய வந்து நின்னோம். இப்ப அறைக்கு நாலு பேருதான். இன்னும் எத்தனையோ ஆலை கெடக்கு. நான் நிறுத்த மாட்டேன்.”

“அந்த ஏழு நிமிஷத்தையாவது வெட்டிட்டுக் குடுத்திருக்கலாமே?”

“அதைப் பாத்துத்தான்க்கா எந்திரிச்சோம்.”

மங்கை இதைச் சொன்னபோது குருவம்மாளின் முகம் இறுகியது.

“அறுபது பேரும் நல்லா இருக்கட்டும். அதுக்கு எம் புள்ளைதான் கெடைச்சாளா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? போடு கையெழுத்தை. உள்ள போகட்டும் அவன்.”

மங்கை அந்தத் தாளை வக்கீல் முன்னாலேயே கிழித்தாள். திருடன் உங்கள் வீட்டில் இருக்க, தெருவில் போகிறவனை ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டு, நிறுவனத்தின் மேலேயே புகார் கொடுத்தாள்.

“அப்ப நீயும் அவன் பக்கம்தான்,” என்று சொல்லிவிட்டுப் போன குருவம்மாள் அதற்குப் பிறகு அவளிடம் பேசவே இல்லை.

சிறைக்கு அனுப்பச் சொன்னாள் ஒருத்தி. நிறுத்த மறுத்தான் ஒருவன். கையெழுத்துப் போட மறுத்தாள் இன்னொருத்தி. இதில் யார் செய்தது சரி?

என் விடை: கையெழுத்துப் போடாதது சரி. ஆனால் அதற்காக மங்கையை யாரும் மெச்ச வேண்டாம். தாய்க்கு முன்னால் நிறுவனத்துக்குப் பிரதி அனுப்பினாளே, சத்தியம் உடைந்தது அப்போதுதான், டொரண்டில் அல்ல. ஜெபசிங் அறுபது உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்காகக் குருவம்மாளிடம் கேட்காமல் எடுத்தது அவனுடையதாகிவிடாது. அவள் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. படத்தின் உரிமை யார் பேரில் இருக்கிறது என்று வக்கீல் வரை பார்த்தார்கள். அதில் துடித்துச் செத்தவள் யார் பெற்ற பிள்ளை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.