சகாயத்தில் விழுந்த ச

வேலூரில் கார் அலங்காரக் கடை வைத்திருந்தவள் நசீமா. அவளிடம் தொழில் கற்க வந்தவர் ஏகாம்பரம். குருவைவிடச் சிஷ்யருக்கு இருபது வயது கூட. அதனாலென்ன, வேலூர் வெயில் வயசு பார்த்தா அடிக்கிறது?

அன்றைக்கு ஏகாம்பரத்துக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? டாக்சி ஓட்டுகிற பெலிக்ஸ், காலமான தன் தாயாரின் பெயரை வண்டியின் பின்னால் ஸ்டீல் எழுத்தில் ஒட்டச் சொல்லியிருந்தான். சகாயம். ஏகாம்பரம்தான் ஒட்டினார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, வெயிலில் "ச" கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. மிச்சம் நின்றது "காயம்".

பெலிக்ஸுக்குப் பிழைப்பே ஆஸ்பத்திரிச் சவாரிதான். "காயம்" என்று எழுதிய வண்டியில் நோயாளி ஏறுவானா? ஆபரேஷனுக்குப் போகிற ஒருத்தர் அதைப் படித்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

ஏகாம்பரம் வேறு பசை வாங்கி "ச"வை ஒட்டினார். மறுபடி காயம். டப்பாவில் நெருப்புப் படம் போட்ட வெளிநாட்டுப் பசை வாங்கினார். அதற்கும் காயம்தான். இன்று வண்டியோடு வந்து கடையில் உட்கார்ந்த பெலிக்ஸ், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் காதுபடவே சொன்னான். இன்னொரு தடவை விழுந்தால் பெயரையே பிடுங்கி எறிந்துவிடுவானாம். அம்மா பேர் ரோட்டில் சீப்படுகிறதாம்.

ஏகாம்பரம் பசை டப்பாவை மேஜைமேல் ஓங்கி வைத்தார்.

"அநியாயம்மா இது. நெருப்பையே தாங்கும்னு படம் போட்டு விக்கிறான், வெயிலுக்கே பல்லை இளிக்குது. அவனை உச்சி வெயில்ல நிக்க வைக்கணும். எந்தப் பசைதான் தாங்கும், நீங்களே சொல்லுங்க."

நசீமா டப்பாவைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள்.

"மத்த மூணு எழுத்து எந்தப் பசை?"

"முதல்ல ஒட்டினதுதான். நம்ம கடைப் பசை."

"அதுக்கெல்லாம் வெயில் அடிக்கலையா அண்ணே?"

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. வயித்தெரிச்சலோடு கேட்டால் விடுகதை போடுகிறாளே. நசீமா புதுசாக ஒரு "ச"வைக் கையில் கொடுத்து, அதே கடைப் பசையால் தன் கண்ணெதிரே ஒட்டச் சொன்னாள்.

அவர் வேலையில் குறை வைக்கிறவர் இல்லை. இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், காயவிட்டார். பிறகு எப்போதும்போல அந்த இடத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுபடி தொட்டு ஒற்றினார், மறுபடியும் தொட்டார். முதல் எழுத்தாயிற்றே, சாமியை நினைக்காமல் ஒட்டலாமா? காலையில் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் வேர்வையோடு வழிந்து அவர் இமைவரை மினுமினுத்தது.

எழுத்தை எடுக்கப்போன கையை நசீமா தடுத்தாள். வண்டியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். துடைத்த இடமெல்லாம் தண்ணீர் படர்ந்தது. அவர் விரல் பட்ட இடத்தில் மட்டும் ஒட்டாமல் முத்து முத்தாக நின்றது.

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அப்போ சாமி கும்பிட்டது தப்புங்கிறீங்களா?"

நசீமா அந்த இடத்தைத் திரும்பவும் ஸ்பிரிட்டால் துடைத்தாள்.

"நல்லா கும்பிடுங்க அண்ணே. ஒட்டிட்டுக் கும்பிடுங்க. ஒட்டுற ரெண்டுக்கும் நடுவுல சாமியே வந்து நின்னாலும் ஒட்டாது."

ஏகாம்பரம் எண்ணெய் மினுங்கிய தன் விரலைத் தேய்த்துப் பார்த்தார். பெலிக்ஸ்தான் எழுந்து போய்ச் சோப்பை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தான்.