துடைப்பமும் பாட்டுப் புத்தகமும்

“நான் ஊருக்குப் போறேன், அம்மை.”

சொன்னவன் துடைப்பத்தை அவர் முன்னால் வைத்தான். பேர் இசக்கிமுத்து. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன். மடத்தில் ஒருத்தரும் அவனிடம் பேர் கேட்கவில்லை.

மலையடிவாரத்து மடம் அது. அங்கே பாட்டுதான் எல்லாம். அம்மைதான் குரு. வயசு முப்பதுகூட இருக்காது. நரைத்த தலைகள் எல்லாம் அவர் காலில் விழும்.

“பெருக்கினா கை வலிக்குதா?” என்றார் அம்மை.

“வீட்டுல நான்தான் பெருக்குவேன். எனக்கு அதுல வெட்கம் இல்ல.”

“அப்புறம்?”

“பாட்டு கத்துக்க வந்தேன். வாசல்ல பெரியவர் என்னை ஒரு தடவ பாத்தாரு. துடைப்பத்தை நீட்டுனாரு. எனக்குப் பின்னால ஒருத்தன், தோலு சந்தனக் கலர். அவன் கையில பாட்டுப் புத்தகம். அவன் சோத்துக்காக வந்தவன், அம்மை. அவனே எங்கிட்ட சொன்னான்.”

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மடத்து வழக்கம் அப்படி. தினமும் காலையில் புதுசாக வந்தவர்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். மூத்த சீடர் வைத்தியலிங்கம் ஆளைப் பார்ப்பார். சிலர் கையில் புத்தகம், அவர்கள் மண்டபத்துக்கு. சிலர் கையில் துடைப்பம், அவர்கள் முற்றத்துக்கு. ‘யாருக்குப் பாட்டு வரும்னு பார்த்தாலே தெரிஞ்சிடும்’ என்பார்.

“இப்ப வரிசை நிக்குதா?”

“நிக்குது.”

அம்மை எழுந்தார். அவர் அப்படித்தான். உபதேசம் எல்லாம் கிடையாது. எழுந்து நடந்துவிடுவார்.

நேராகப் போய் வரிசைக் கடைசியில் நின்றார். துடைப்பத்தோடு பின்னாலேயே ஓடிவந்த இசக்கிமுத்து, அவருக்குப் பின்னால் நின்றான்.

முறை வந்தது.

வைத்தியலிங்கம் பதறிப்போனார். “அம்மை! நீங்க எதுக்கு இங்க?”

“புதுசா வந்திருக்கேன் அண்ணாச்சி. பாத்துச் சொல்லுங்க.”

அவர் சட்டென்று புத்தகத்தை நீட்டினார்.

“ஏன் புத்தகம்?”

“இந்தப் பாட்டெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?”

“அது தெரியலன்னு வச்சுக்குங்க. இன்னைக்குத்தான் முதல் தடவ என்னைப் பாக்குறீங்க. பாருங்க.”

அவர் பார்த்தார்.

அம்மை இசக்கிமுத்துவைவிடக் கறுப்பு. இத்தனை வருஷமாக அந்தக் காலில் விழுந்து எழுந்தவருக்கு அது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அவர் கை தானாகத் துடைப்பத்தின் பக்கம் போனது.

பாதியில் நின்றது.

சந்தனக் கலர்க்காரன் மண்டப வாசலில் நின்று, “கஞ்சி எப்பங்க?” என்றான். ஒருத்தரும் திரும்பவில்லை.

வைத்தியலிங்கம் புத்தகத்தைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

“எனக்குப் பாத்தா ஒண்ணும் தெரியலம்மா. நீங்களே சொல்லுங்க. உங்க பேர் என்ன? எதுக்கு வந்தீங்க?”

அம்மை ஒதுங்கி, பின்னால் நின்ற இசக்கிமுத்துவுக்கு வழி விட்டார்.

“அதை இவர்கிட்ட கேளுங்க, அண்ணாச்சி.”

அம்மையே அவன் கையில் இருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். பெருக்க ஆரம்பித்தார்.