கைதட்டல் வாங்கிய வெட்கம்

ஐம்பதை நெருங்கும் வயதில் அருளப்பனுக்குத் தலைமையாசிரியர் பதவி கூடி வந்தது. பதவி ஏற்பதற்கு முன் ஒரு பருவம் நூர்ஜஹான் மேடம் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் வேலை பழகச் சொன்னார்கள். மேடம் வயதில் அவரைவிட இளையவர். முதலில் அது கொஞ்சம் உறுத்தியது. போகப் போகச் சரியாகிவிட்டது.

வார நாட்களில் பள்ளி. சனிக்கிழமைகளில் நகரத்தில் பயிற்சி வகுப்பு. அங்கே ஒவ்வொருவரும் அந்த வாரம் தான் நடந்துகொண்ட விதத்தைத் திரும்பிப் பார்த்து, எல்லோர் முன்னும் பேச வேண்டும். பலருக்கு அது வேப்பங்காய். அருளப்பனுக்கு நாளாக ஆக ருசிக்க ஆரம்பித்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை, மதிய இடைவேளையில் அவர் மேடத்தின் அறைக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“மேடம், சனிக்கிழமை நான் பேசினதுக்கு ஹாலே எழுந்து நின்னு கைதட்டுச்சு.”

“அப்படியா! எதைப் பத்திப் பேசினீங்க சார்?”

“என் தப்பைப் பத்தித்தான் மேடம்.”

அந்தத் தப்பு மேடத்துக்குத் தெரியும். போன வாரம் ஒரு கூட்டத்துக்குப் போனபோது பள்ளியை அருளப்பனிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். காலை பிரேயருக்குத் தாமதமாக வந்த பிள்ளைகளை அருளப்பன் வாசலருகே வரிசையாக நிறுத்தினார். அடுத்து வந்தவர் ஏழாம் வகுப்பு தவமணி டீச்சர். பையும் கையுமாக ஓட்டமும் நடையுமாய் உள்ளே நுழைந்தவரை, ‘ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்’ என்று அதே வரிசையின் கடைசியில் நிற்க வைத்துவிட்டார். பிரேயர் முடியும்வரை டீச்சர் அங்கேயே நின்றார். பள்ளி மொத்தமும் பார்த்தது.

அன்றிலிருந்து டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பினால் பின்பெஞ்சிலிருந்து ‘லேட்டு’ என்று ஒரு குரல் வருகிறது. இத்தனை வருடமும் குரலை உயர்த்தாமல் பாடம் நடத்தியவர், இப்போது கையில் ஸ்கேலோடு வகுப்புக்குப் போகிறார்.

“என்ன சொன்னீங்கன்னு எனக்கும் சொல்லுங்க சார்.”

அருளப்பன் சொன்னார். நன்றாகவே சொன்னார்.

“அதிகாரம் கைக்கு வந்ததும் என் கண்ணு மறைஞ்சு போச்சு. வீட்டுல என்ன கஷ்டமோ, அந்த டீச்சர் தாமதமா வந்தாங்க. தலையைக் குனிஞ்சு நின்னாங்க. கண்ணுல தண்ணி. அந்தக் கண்ணீர்ல நான் என்னையே பாத்தேன்…”

இந்த இடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்தது. சனிக்கிழமையும் இதே இடத்தில்தான் அடைத்தது.

“வெட்கமா இருந்துச்சா சார்?”

“ரொம்ப மேடம். பேசி முடிச்சதும்தான் பாரம் இறங்குச்சு. அடுத்த பேட்ச்சுக்கும் வந்து பேசச் சொல்லியிருக்காங்க.” கொஞ்சம் தயங்கினார். “மேடம், மறைக்காம சொல்லுங்க. நான் ஹெச்.எம். ஆகத் தயாராயிட்டேனா?”

மேடம் எழுந்து போய்த் தவமணி டீச்சரை அழைத்து வந்தார். தன்னுடைய நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“டீச்சர், சார் சனிக்கிழமை ஒண்ணு பேசியிருக்கார். நீங்களும் கேளுங்க.”

அருளப்பன் பேச வாயெடுத்தார். ‘அந்த டீச்சர்’ என்று எப்படி ஆரம்பிப்பது? எதிரே உட்கார்ந்திருக்கிறாரே. ‘நீங்க’ என்று மாற்றிப் பார்த்தார். வாக்கியம் பாதியில் நின்றது. தட்டுத்தடுமாறி எப்படியோ சொல்லி முடித்தார். இந்த முறை தொண்டை அடைக்கவில்லை, வியர்த்துக் கொட்டியது.

தவமணி டீச்சர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“வீட்டுல ஒரு கஷ்டமும் இல்ல சார். பஸ் வரல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“சரிங்க டீச்சர்.”

“நான் அழவும் இல்ல, தலையைக் குனியவும் இல்ல. என் கிளாஸ் பிள்ளைங்களையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். பாதிப் பேரு எனக்காகத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மத்தவங்களுக்குச் சிரிக்கலாமா கூடாதான்னு தெரியல. உங்க முகத்தைப் பாத்தாங்க.”

அருளப்பன் நிமிர்ந்தார்.

“நீங்க சிரிச்சீங்க சார். அதுக்கப்புறம்தான் அவங்க சிரிச்சாங்க.”

மணி அடித்தது. டீச்சர் மேடத்திடம் சொல்லிக்கொண்டு, ஸ்கேலை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

அருளப்பனுக்குக் காது இரண்டும் சுட்டன. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. 

“நான் சிரிச்சேனா மேடம்? எனக்கு ஞாபகமே வரலியே.”

மேடம் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“இல்ல… சிரிச்சேன். சிரிச்சேன் மேடம்.”

 அருளப்பன் அவசரமாக மேடத்தின் பக்கம் திரும்பினார்.

“இதை விட்டுட்டேன் பாருங்க. வர்ற சனிக்கிழமை இதையும் சேத்துச் சொல்லிடறேன். ஹால்ல எல்லார் முன்னாடியும், ஒண்ணையும் ஒளிக்காம சொல்லிடறேன் மேடம்.”

“அந்த ஹால்ல இருக்கிறவங்க யாரும் நீங்க சிரிச்சதைப் பாக்கலியே சார்,” என்றார் மேடம். “பாத்த பிள்ளைங்க நாளைக்குக் காலைல பிரேயருக்கு வருவாங்க.”